பழைய அளவைக் காட்டாத பக்கம்

சென்ற மழைக்காலத்தில் ஆற்று நீர் அலுவலகத்தின் இணையப் பக்கம் இரண்டு மணி நேரம் திறக்கவே இல்லை. அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று பார்க்க ஊரே போனைத் தட்டியது. திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தைத் தாங்கிய சர்வர், டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில், ஓர் அண்ணனும் தங்கையும் நடத்திய சிறு கம்பெனியில் இருந்தது. அண்ணன் வாடிக்கையாளர்களைப் பிடிப்பார். இயந்திரங்கள் தங்கையின் பொறுப்பு. அன்று முதல் தெருவில் அவள் பெயர் 'சக்கரக்கா'. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்றைய வெள்ளத்தில் உயிர் எதுவும் போகவில்லை. கரையோரம் நாற்பது வீடுகளில் சாமான்கள் போயின. அவள் சேற்றில் இறங்கி ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு கடிதத்தை நீட்டினார். எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைக்கும் கடிதம்.

"கையெழுத்துப் போடும்மா. பெரிய இடம். இனிமே பழி நம்ம தலையில விழாது."

"தப்பு என்னோடதுண்ணே. சர்வர்ல டிஸ்க் பழசுன்னு தெரிஞ்சும் நாளைக்கு, நாளைக்குன்னு விட்டேன். அதை நான்தான் சரி பண்ணணும்."

"வீம்பு பண்ணாதே."

"வீம்புதான்."

கடிதத்தைத் தொடவே இல்லை. தன் ஸ்கூட்டரை விற்று எஸ்.எஸ்.டி. என்னும் புது வகை டிஸ்குகள் வாங்கினாள். பழைய டிஸ்கில் ஒரு முள் தட்டின் மேல் அலைந்து அலைந்து எழுத்தைத் தேடவேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் பாவம், அது எங்கே ஓடும்? புதியதில் ஓட எதுவும் இல்லை, கேட்டதும் கொடுக்கும். மாற்றி முடித்ததும் பக்கம் பளிச்சென்று வந்தது. ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. எல்லோரும் கேட்பது ஒரே பக்கம். ஆளாளுக்குப் புதிதாக எதற்குத் தயாரிக்க வேண்டும்? ஒருமுறை தயாரித்ததை நினைவகத்தில் வைத்து அதையே எல்லோருக்கும் நீட்டும்படி கேஷ் அமைத்தாள்.

நீர் அலுவலகப் பொறியாளரை வரவழைத்து முன்னால் உட்காரவைத்தாள். நரைத்த மீசை, நம்பாத கண்கள். அவர் சோதனைக்காகத் தன் லேப்டாப்பில் அணை நீரின் அளவை மாற்றினார். பக்கம் மின்னல் வேகத்தில் திறந்தது. ஆனால் பழைய அளவோடு. ஐந்து நிமிடம் அப்படியே நின்றது.

"வேகமா பொய் சொல்லுதும்மா இது. திறக்கலைன்னா ஜனங்க பயந்தாவது ஓடுவாங்க. பழைய கணக்கைக் காட்டினா வீட்டுலயே உக்காந்திருப்பாங்க." அவர் எழுந்துகொண்டார்.

அவளுக்கு முகம் சுட்டது. வாசல்வரை பின்னாலேயே போனாள். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி சார். வெள்ளிக்கிழமை திரும்ப வாங்க. அப்பவும் தப்பா காட்டினா அண்ணன் நீட்டின கடிதத்துல உங்க முன்னாடியே கையெழுத்துப் போடுறேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

புதிய அளவு பதிவான அந்தக் கணமே பழைய பிரதி அழிய வேண்டும். அளவு எடுத்த நேரம் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். நான்கு நாள் அதிலேயே கிடந்தாள். வெள்ளிக்கிழமை பொறியாளர் இருபத்தேழு முறை அளவை மாற்றினார், வேண்டுமென்றே கண்டபடி. இருபத்தேழு முறையும் புதியதே வந்தது. மீசையை நீவிக்கொண்டு கிளம்பினார்.

அதற்கு ஒன்பதாம் நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டது. பத்து மணிக்கு மதகைத் திறந்தார்கள். போன தடவையைப் போல ஆறு மடங்கு பேர் பக்கத்தைத் திறந்தார்கள். அண்ணன் நகத்தைக் கடித்தபடி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சர்வருக்கு வியர்க்கக்கூட இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு ஏறியது. பக்கத்திலும் கூடவே ஏறியது. மதியத்துக்குள் கரையோர வீடுகள் காலியாகி, சாமான்கள் மேட்டுத்தெருப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

மறுநாள் பெரிய கம்பெனி ஆள் போன் செய்தான். அவளுக்கே நல்ல பதவி தருவதாகச் சொன்னான். ஸ்பீக்கரில் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு. முடியாது."

போனை வைத்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்த ரெண்டாவது அறையில ஒழுகுது, ஆளைக் கூப்பிடுண்ணே," என்றாள் அவள்.