இத்தாலி மொழியில் சுமதி

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீ குடிக்க உட்கார்கிறேன். காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பூக்கடை முன்னால், பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு வயதான வெள்ளைக்காரர். பெயர் மார்கோ, இத்தாலியக் கவிஞர். மனைவி இறந்தபிறகு சொந்தமாக ஒரு வரியும் எழுத வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். இங்கேயே தங்கித் தமிழ் கற்று, ஒப்பாரிப் பாடல்களைத் தன் மொழியில் பெயர்த்திருக்கிறார்.

அந்தக் கடையில் பூ கட்டும் முனியம்மா, காய்ச்சலில் போன மகளுக்காகப் பாடிய ஒப்பாரியும் அவற்றில் ஒன்று. புத்தகம் நேற்றுத்தான் தபாலில் வந்ததாம். அதைப் படித்துக் காட்டத்தான் இப்போது வந்திருக்கிறார்.

அவர் படிக்கிறார். முனியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே பூவைத் தொடுக்கிறார். திடீரென்று கை நின்றுவிடுகிறது.

"இப்ப சுமதின்னீங்களா சாமி?"

"ஆமாம்மா. பேரை மட்டும் மாத்தலை."

"உங்க ஊர்ல படிக்கறவங்களும் சுமதின்னுதான் சொல்வாங்களா?"

"சொல்வாங்கம்மா."

முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். "அவ போனதுல இருந்து வீட்ல யாரும் அவ பேரை எடுக்கறதில்லைங்க. நான் அழுதுடுவேன்னு பயம்."

பிறகு மார்கோவிடம், "இன்னொருவாட்டி மொதல்ல இருந்து படிங்க சாமி" என்கிறார்.

மார்கோ மறுபடி படிக்கிறார். பெயர் வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை முனியம்மா வாய்விட்டுச் சொல்கிறார்.