ரிமோட்: நேரடி

"14 ஜூன், சனி. காலை 10.20 முதல் 1.45 வரை, கண்டி. காருக்கு பேஸ் பெட்டியும் அம்ப்பும் பொருத்தியாயிற்று. பெட்டி பின்னால். அம்ப் முன் இடது சீட்டுக்குக் கீழே. ரிமோட்: நேரடி. அக்காவுக்குத் திருப்தி. மழை இல்லை."

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்திலிருந்து நாள்தோறும் நாலைந்து வரி எழுதி வருகிறேன். திரும்பப் படிக்கும்போது சில நாட்கள் பொய்யாகத் தெரிவதுண்டு. இந்தக் குறிப்பில் பொய் எதுவும் இல்லை. "ரிமோட்: நேரடி" என்பதன் பொருள் மட்டும் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. திங்களும் வியாழனும் கலஹாவிலிருந்து கண்டிக்குப் போய் டயலிசிஸ் செய்துகொள்கிறார். காலை ஏழரைக்கு ஆரம்பித்து நான்கு மணி நேரம். அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வேறொரு நாளில் இடம் கிடைக்கும்வரை உடம்பில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் நானும் அக்காவும் சேர்ந்து ஜப்பானில் ஓடிப் பழசான மின்சாரக் கார் ஒன்றை வாங்கினோம். கண்டிக்கு இறங்கும்போது பெட்டரியில் கொஞ்சம் திரும்ப ஏறும். வீட்டுக்கு ஏறி வரும்போது அதையும் சேர்த்துத் தின்றுவிடும். சத்தமே போடாத வண்டி.

அந்தச் சத்தமின்மைதான் குறையாகப் போயிற்று. திரும்பி வரும்போது அக்காவால் பேசவும் முடியாது, பேச்சைக் கேட்கவும் முடியாது. பாட்டு மட்டும் வேண்டும், அதுவும் நாதஸ்வரக் கச்சேரி. பழைய பெற்றோல் காரில் எஞ்சின் இரைச்சலோடு இரைச்சலாக அது ஓடியது. புதிய வண்டியின் அமைதியில் கதவு ஸ்பீக்கர்கள் எவ்வளவு மட்டம் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

"நாதஸ்வரம் வருது தம்பி. தவில்காரன் மட்டும் பேராதனையிலயே எறங்கிட்டான் போல," என்றார் அக்கா. இருபத்தெட்டு வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். குறை சொன்னால் திருத்தும்வரை விடமாட்டார்.

தவில் கேட்க பேஸ் பெட்டியும், ஒலியைப் பெருக்கித் தரும் அம்ப்பும் வேண்டியிருந்தன. கார்களுக்குப் பாட்டு செட் பொருத்தும் கடை கண்டியில் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், நாங்கள் நானா என்று கூப்பிட்டோம். மின்சாரக் காரென்றதும் அவர் முதலில் தயங்கினார். பிறகு பொனட்டைத் திறந்து எனக்கு விளக்கினார். சக்கரத்தைச் சுழற்றுவது அடியில் இருக்கும் பெரிய பெட்டரி. லைட், ஹோர்ன், ரேடியோ, கதவுப் பூட்டு எல்லாம் சாதாரண கார்களில் இருப்பதைப் போன்ற சின்ன பெட்டரியில் ஓடுபவை. அம்ப்புக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிற வயர் பெரிய பெட்டரிக்குப் போவது, அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டேன் என்றார். இவ்வளவையும் குறித்துக்கொண்டேன். ஆகவே சின்ன பெட்டரியைப் பற்றித் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அவர் விரிப்பைத் தூக்கி, சிவப்பு வயரை ஓரமாக இழுத்து வந்தார். அக்கா கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். நான் அம்ப் வந்த அட்டைப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. ஒரு முனையில் கயிறு கோக்கத் துளை. அப்போது டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டிருந்த நானா கேட்டார்.

"சேர், ரிமோட்ட சாவியோட குடுக்கிறதா, டிரெக்டா குடுக்கிறதா?"

சாவிக்கொத்து ஏற்கெனவே கனமாக இருந்தது. "டிரெக்டாவே குடுங்க நானா," என்றேன்.

"எப்பவும் இரிக்கட்டுமா?"

"எப்பவும் இருக்கட்டும். அக்காவுக்குத்தான."

அவர் ஒரு கணம் வேலையை நிறுத்தினார். காரை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அக்காவும் அப்படித்தான் போலும் என்று நினைத்திருப்பார். வேலையை முடித்து எழுந்து வந்ததும் அந்தத் தீப்பெட்டி ரிமோட்டை எடுத்து என் கையில் நேரடியாகவே கொடுத்தார். கேட்டது கிடைத்தது என்று நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். தவில் முழங்கியது. அக்கா தன் சீட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வந்துட்டான்," என்றார்.

ஞாயிறு எங்கும் போகவில்லை. கார் சார்ஜில் கிடந்தது. திங்கள் போய் வந்தோம், பாட்டுடன். அன்று மாலை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றிவிட்டேன். செவ்வாயும் புதனும் காரைத் தொடவில்லை. புதன் மாலை அக்கா காருக்குள் மறந்த குடையை எடுக்கப் போய்விட்டு வந்து, தன் சீட்டுக்கு அடியில் நீல வெளிச்சம் ஒன்று எரிகிறது, சாமி மாடத்து பல்பு மாதிரி இருக்கிறது என்றார். டீவியில் சிவப்பாக எரிவதில்லையா, அது மாதிரிதான் என்று விளக்கம் சொன்னேன். அவரும் சரியென்று விட்டுவிட்டார்.

வியாழன் காலை ஆறு ஐந்துக்கு, சாவியை அமுக்கினால் கார் திறக்கவில்லை. உள்ளே மடக்கி வைத்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்தேன். டேஷ்போர்டு கறுப்பாக இருந்தது. பெரிய பெட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி கண் திறக்க மறுத்தது.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமைகளில் அவருக்கு மூச்சு சற்றுக் கனமாகவே இருக்கும். திங்களுக்குப் பிறகு மூன்று நாள் நீர் சேர்ந்திருக்கும். முதல் பஸ் போய்விட்டது. அடுத்ததில் நிற்கவும் இடமிருக்காது, இடமிருந்தாலும் அவரால் நிற்க முடியாது.

கீழ்வீட்டில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர் பேச்சுச் சத்தம் கேட்டு வந்தார். தன் வண்டியில் போனால் எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது என்றார். நான் அதற்குள் நானாவுக்கு அழைத்திருந்தேன். தூக்கக் குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, நீல லைட் எரிகிறதா என்பது. இப்போது இல்லை, நேற்று மாலை எரிந்தது என்றேன்.

"அப்ப சின்ன பெட்டரிய குடிச்சிட்டு சேர். நான் கேட்டனே, ரிமோட்ட சாவியோடயா டிரெக்டாவா எண்டு."

"ரிமோட் அக்கா பையில இருக்கு நானா."

"அந்த ரிமோட் இல்ல சேர்," என்றார் நானா. பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். அம்ப்பை எழுப்புவதற்கென்று ஒரு மெல்லிய நீல வயர் இருக்கிறது. அந்தத் தொழிலில் அதன் பெயர்தான் ரிமோட். சாவியோடு கொடுத்தால் கார் அணைந்ததும் அம்ப்பும் அணையும். நேரடியாகக் கொடுத்தால் அணையவே அணையாது. சீட்டுக்குக் கீழே குனிந்து அந்த நீல வயரைப் பிடுங்கச் சொன்னார். வேறு எந்த வண்டியின் பெட்டரியிலிருந்தும் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் போதும், கார் எழுந்துவிடும் என்றார்.

நான் நீல வயரைப் பிடுங்கியதும் கீழ்வீட்டுக்காரர் தன் முச்சக்கரவண்டியைக் காருக்கு மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தி, வயர்களைக் கொடுத்தார். ஒரு டிக் சத்தம் கேட்டது. டேஷ்போர்டில் ஜப்பானிய எழுத்துகள் வரிசையாக எரிந்தன. முச்சக்கரவண்டி தட்டி எழுப்பித்தான் இது கண் விழிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிச்சது போதும், வயரக் கழட்டுங்க தம்பி," என்றார் அக்கா. "எனக்கு எட்டு மணிக்குள்ள போகணும்."

கார்க் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. நான் ஓட்டிக்கொண்டிருக்க, அக்காவே பொத்தானை அமுக்கி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்தினார். பேராதனைப் பாலத்தருகே வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. அக்கா அந்த எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதோ மன்னிப்புப் போலச் சொல்லத் தொடங்க, "முன்னால பாத்து ஓட்டு," என்று நிறுத்திவிட்டார்.

வாசலில் இறக்கிவிட்டபோது கார்க் கடிகாரம் 8.04 காட்டியது. அப்படியே குறித்துக்கொண்டேன். பொறுப்பாக இருந்த தாதி அக்காவை ஏறிட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே அழைத்துப்போனார். அக்கா வெளியே வந்தபோது காத்திருக்கும் அறையின் சுவர்க் கடிகாரத்தில் 12.05. அதையும் குறித்தேன்.

சனிக்கிழமை நானா சின்ன பெட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நீல வயரைச் சாவியோடு இணைத்துக் கொடுத்தார். மறுபடி பூச்சியமாகிவிட்ட கார்க் கடிகாரத்தைத் தன் போனைப் பார்த்துத் திருத்தியும் வைத்தார். "தப்பு எங்கட பக்கமும் இரிக்கி. வயர் எண்டு ஒரு சொல்லு சேத்துச் சொல்லியிருக்கணும்," என்றார். பெட்டியையே கழற்றிவிடலாமா என்று நான் அக்காவைக் கேட்டேன். உன் காதைக் கழற்றி நல்லதாக ஒன்று பொருத்த முடியுமா என்று முதலில் நானாவிடம் கேள் என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த வியாழனின் குறிப்பைப் படித்தபோதுதான் கணக்கு இடித்தது. 8.04க்கு வாசல், 12.05க்கு வெளியே. ஊசி ஏற்றவும் கழற்றவும் ஆகும் நேரம் போக, நான்கு மணி நேரம் அதற்குள் அடங்காது. ஆனால் அக்காவின் கைக்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். தாமதமாகக் கூடாதென்று அவரே அப்படி வைத்திருக்கிறார். அதில் கண்டதை அப்படியே காரில் வைத்திருந்தால் நாங்கள் 7.54க்கே போய்விட்டோம், தாதி எந்தச் சலுகையும் தரவில்லை, நான்கு மணி நேரமும் ஏறக்குறைய ஓடியிருக்கும். பத்தைக் கழித்து வைத்திருந்தால் நேரம் கடந்த பிறகுதான் போயிருக்கிறோம். தாதி கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். அக்காவுக்கு நிமிடங்கள் குறைந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை அவர் கால் சற்று வீங்கியிருந்தது. மற்ற வெள்ளிக்கிழமைகளிலும் வீங்கியதுண்டு.

கழித்தாரா இல்லையா என்று அக்காவிடம் கேட்டேன். ஞாபகமில்லை என்றார். அப்படியானால் தாதியிடம் விசாரிக்கிறேன் என்றேன்.

"கேக்காத தம்பி. அந்தப் புள்ள மனசு வச்சுச் செஞ்சிருந்தா, நீ கேட்டதும் அவளுக்குத்தான் பிரச்சினை. செய்யலைன்னா, கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நான் கேட்கவில்லை. அந்த நாளுக்குரிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இவ்வளவு மட்டும் சேர்த்திருக்கிறேன்: 19 ஜூன், வியாழன். வாசலுக்கு வந்த நேரம் 7.54 அல்லது 8.04. நான்கு மணி நேரம் முழுதாகக் கிடைத்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை.