ஆர்டிஸ் தள்ளிப் பார்த்து வாங்கிய கார்

அரிசோனா பாலைவனத்துக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவர்களுக்குக் கடமை என்று ஒன்றே ஒன்றுதான். மாலை நான்கு மணிக்கு அவரவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டாயில் என்பவரின் வண்டிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை என்று வருடம் முழுக்க அதிலேயே குடியிருக்கிறவர்கள். ஊரில் வீடு, தோட்டம், புல்வெட்டும் இயந்திரம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தவர்கள். அபிப்பிராயங்களை மட்டும் ஒருவரும் விற்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாற்காலி வட்டத்தில் பேசித் தீராத விஷயம், ஆர்டிஸ் ட்வெட் தன் வீட்டு வண்டிக்குப் பின்னால் எந்தக் காரைக் கட்டி இழுத்துப் போக வேண்டும் என்பதுதான்.

பின்னால் ஒரு கார் இல்லாமல் இந்தப் பிழைப்பு ஓடாது. பால் தீர்ந்துபோனால் வீட்டையே கிளப்பிக்கொண்டு கடைக்குப் போக முடியாதல்லவா? அதனால் ஆளுக்கொரு காரை இரும்புச் சட்டத்தில் மாட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள, வால் மாதிரி இழுத்துக்கொண்டு திரிவார்கள். ஆர்டிஸின் கணவர் வெர்ன் இழுத்தது ஒரு பெரிய ஜீப். போன ஜூனில் வெர்ன் இறந்துபோனார். ஆர்டிஸ் வழக்கம்போல் நவம்பரில் பாலைவனத்துக்கு வந்து இறங்கினாள், வீட்டு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு. அதைப் பார்த்து டாயில் தன் காபியை மடியில் கொட்டிக்கொண்டதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஓட்டுவதில் அவளுக்குச் சிரமமில்லை. ஜீப்பை மாட்டுவதுதான் பாடு. வெர்ன் வாங்கிய சட்டம் பழைய மாதிரி, நீளாது, வளையாது. காரின் மூக்கு மிகச் சரியாக அதன் வாய்க்கு நேரே வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டையும் பிணைக்கும் இரும்பு ஊசி துளையில் இறங்கும். ஒருவர் ஜீப்பில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக நகர்த்த, இன்னொருவர் வெளியே நின்று கத்த வேண்டும். வெர்ன் இருந்தவரை கத்துகிற வேலை அவருடையது. இப்போது ஒவ்வொரு தடவையும் வட்டத்திலிருந்து இரண்டு ஆண்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் "இடது" என்றால் மற்றவர் "வலது" என்றார். முடிந்ததும் இருவரும் கையைத் தட்டிக்கொண்டு, ஏதோ அவளைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்டவர்கள் போலப் பார்த்தார்கள்.

ஊரிலிருந்து மகன் கர்ட் போனில் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். கர்ட்டுக்கு விபத்துக் காப்பீட்டில் வேலை. எது எதன்மேல் மோதும் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

"அம்மா, பெட்ரோல் பங்க்ல யாரும் இல்லன்னா என்ன பண்ணுவ? ஃபார்கோல என் வீட்டுப் பக்கத்துலயே முதியோர் குடியிருப்பு இருக்கு. நல்ல ஃபிளாட். மார்ச்ல நான் வந்து வண்டியை ஓட்டிட்டுப் போய் வித்துடறேன்."

"ஜன்னல்ல இருந்து என்ன தெரியும்?"

"கார் பார்க்கிங் தெரியும். ஏன்?"

"நல்லதாப் போச்சு. கிளம்பிப் போறவங்களையாவது பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்." பிறகு அவளே சொன்னாள்: "மார்ச்ல வா. உன் கண்ணு முன்னாடி நான் ஒருத்தியா மாட்டிக் காட்டறேன். மாட்டிட்டா நீ பேசாம ஊருக்குத் திரும்பிடணும். முடியலன்னா சாவியை வாங்கிக்கோ."

வாய் சொல்லிவிட்டது. ஜீப்பை அந்த வாரமே விற்றாள்.

வட்டம் கொதித்தது. வட்டத்தின் தலைமை அறிவாளி டாயில். இழுத்துப் போவது பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதற்கு ஆதாரம், போன வருடம் கைப்பிரேக்கை எடுக்க மறந்து ஒரு காரைப் பக்கத்து மாநிலம் வரை இழுத்துப் போனது. வழியெல்லாம் ஹாரன் அடித்து எச்சரித்தவர்களுக்குச் சிரித்துக் கையசைத்துக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்தபோது பின் டயர்கள் இருந்த இடத்தில் நாற்றம் மட்டும் இருந்தது.

"ஆர்டிஸ், சொல்றதைக் கேளு. நல்ல கனமான வண்டியா வாங்கு. கனமா இருந்தாத்தான் ரோட்டுல ஆடாம வரும்," என்றார்.

"என் வண்டி எவ்வளவு இழுக்கும்னு தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் இழுக்கும். வெர்ன் சொல்லுவான்."

"முப்பது வருஷம் தானியக் கிடங்குல எடைமேடை பாத்தவ நான். லாரிக்காரன் வாயால சொன்ன எடையை ஒருநாளும் எழுதினதில்ல."

மறுநாள் அவள் நெடுஞ்சாலையோரம் இருந்த லாரி எடைமேடையில் வீட்டு வண்டியை ஏற்றினாள், தண்ணீர்த் தொட்டி, வெர்னின் மீன்பிடிச் சாமான் சகிதம். இழுக்க மிச்சமிருந்த திராணி, வட்டத்தார் சிபாரிசு செய்த எந்த வண்டிக்கும் போதவில்லை. வெர்ன் இத்தனை வருடம் அளவுக்கு மீறித்தான் இழுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் படத்தைப் பார்த்து, "ஏமாத்துக்காரா," என்று சொன்னாள். திட்டினாளா கொஞ்சினாளா என்பது அவர்கள் இருவர் விஷயம்.

எடைக்கு அடங்கினால் மட்டும் போதாது. ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் பலவற்றை எஞ்சினை அணைத்துவிட்டு இப்படி உருட்டினால் கியர்பெட்டி எண்ணெயில்லாமல் வெந்துவிடும். கையால் கியர் மாற்றும் சின்னக் கார்தான் அவளுக்குத் தோது. அப்படி ஒன்று பக்கத்து ஊரில் ரமீரோ என்பவரின் பழைய கார்க் கடையில், மூலையில் நின்றது. இரண்டு கதவு. வெளிறிய பச்சை. ஏசி ஒரு காலத்தில் இருந்ததாகச் சொன்னார்கள்.

ரமீரோ பெருமையாக எஞ்சினைக் கிளப்பினார். "சத்தத்தைக் கேளுங்கம்மா, பூனை மாதிரி!"

"அணைச்சுடுப்பா. நியூட்ரல்ல போட்டுட்டு இறங்கு."

அவர் இறங்கினார். ஆர்டிஸ் கைப்பையைத் தரையில் வைத்தாள். கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்து முக்கினாள்.

"ஐயோ அம்மா! வண்டி நல்லா ஓடும்! பாக்கறவங்க என்ன நினைப்பாங்க!"

"ஓடும்னு தெரியுது. எனக்கு நகரணும்."

நகர்ந்தது. ரமீரோவின் வாடிக்கையாளர்கள் இருவர் இதைப் பார்த்துவிட்டு நழுவினார்கள். அவள் விடவில்லை. கடை வாசல் வரை தள்ளினாள். திரும்பத் தள்ளினாள். மூச்சு வாங்கியது, முகம் பளிச்சென்றிருந்தது. கத்துவதற்கு ஆள் வேண்டாம். தானே இறங்கி, பார்த்து, ஒரு முக்கு முக்கினால் மூக்கு நேருக்கு வந்துவிடும். அதுதான் அவள் தேடிய கார். வாங்கிக் கொண்டுபோய் முன்பக்கம் சட்டத்துக்கான கொக்கிகளைப் பற்றவைத்துக்கொண்டாள்.

"இது காரா, இல்ல கார் போட்ட குட்டியா?" என்றார் டாயில். "உள்ள உக்காந்தா முழங்கால் காதுல இடிக்குமே!"

"உன்னை யாரு உக்காரச் சொன்னா?"

மார்ச்சில் வெயில் ஏறியது. கூட்டம் வடக்கே கிளம்பத் தொடங்கியது. கர்ட் விமானத்தில் வந்து, வாடகைக் கார் எடுத்து, அம்மாவின் வண்டியிலேயே இரவு தங்கினான். காலையில் வெளியே வந்தால் நாற்காலி வட்டம் இடம் பெயர்ந்து ஆர்டிஸின் வண்டிக்குப் பின்னால் அரைவட்டமாகியிருந்தது. காபிக் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் பச்சைக் காரை ஓட்டிவந்து சட்டத்துக்கு முன்னால் நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தாள். ஒரு கை அகலம் தள்ளி நின்றது.

"கொஞ்சம் வலது..." என்று டாயில் எழுந்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தார். அவள் தோளைக் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளி, சக்கரத்தைத் திருப்பி, முன்னுக்குத் தள்ளினாள். ஊசி இறங்கியது. சங்கிலி, விளக்குக் கம்பி, பிரேக் கயிறு. கியர் நியூட்ரல். கைப்பிரேக்கை இறக்கிவிட்டு டாயிலை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காபியைப் பார்த்தார். கைதட்டல் கிளம்பியது.

வீட்டு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள். வண்டியின் மூக்கை ஒட்டி, குறுக்கே, கர்ட்டின் வாடகைக் கார். பக்கங்களில் பாறை.

சட்டம் மாட்டிய காரோடு பின்னால் வர முடியாது. வந்தால் பின்கார் சக்கரம் கோணிக்கொண்டு சட்டம் முறுக்கிப்போகும். கர்ட்டுக்கு இது தெரியும். பத்து வயதில் அப்பாவிடம் கற்றது.

"எப்ப நிறுத்தின?"

"நீ மாட்டிக்கிட்டு இருந்தப்போ." அவன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "ரோட்டுல எவனாவது இப்படித்தாம்மா நிறுத்துவான். அப்ப என்ன பண்ணுவ? அவன் கால்ல விழுவியா?"

"டேய், இது அழுகுணி ஆட்டம்டா," என்றார் டாயில், முதல் தடவையாக நியாயமாக.

ஆர்டிஸ் இறங்கிப் பின்னால் போனாள். கயிறு, கம்பி, சங்கிலி, எல்லாவற்றையும் கழற்றினாள். ஊசி இறுகிக்கொண்டு வர மறுத்தது. பாறையிலிருந்து ஒரு கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். பச்சைக் காரை ஓட்டிப் போய்ப் பாதையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். நாற்காலிகள் அவசர அவசரமாக விலகின. வீட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, பாதைக்குக் கொண்டுபோனாள். மறுபடி தோளைக் கொடுத்தாள். இந்தத் தடவை தரை மணல், கார் அசையவில்லை. கர்ட் ஓரடி முன்னே வந்தான்.

"கிட்ட வந்தா கல்லாலயே அடிப்பேன்."

அவன் நின்றான். அவள் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை மணலில் ஊன்றி முக்கினாள். அசைந்தது. ஊசி இறங்கியது.

"ஒரு தடவைன்னு தானே பேச்சு. உனக்காக ரெண்டு தடவை மாட்டிட்டேன்," என்றாள், மூச்சு வாங்க. "ஊருக்குப் போடா."

"நீ எங்க போற?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. ஜன்னல் வழியே தலை எட்டிப் பார்த்தது. "உன் பெட்டி உள்ள கிடக்கு! வேணும்னா வந்து எடுத்துக்கோ! நான் பின்னால வர மாட்டேன்!"

கர்ட் வெயிலில் ஓடினான். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியவன், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், பின்பக்கம் குனிந்து அந்த ஊசியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஒரு மயிரிழை அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தான்.

வண்டியின் பின்பக்கக் கேமராவில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் ஹாரனை ஓங்கி அழுத்தினாள். பெட்டியோடு துள்ளி விலகினான். பச்சைக் கார் அவனைக் கடந்து உருண்டு போனது, நாலு சக்கரமும் சுற்றிக்கொண்டு.