வத்தைக்காரரின் சத்தியத்தாள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பெயர் பெரிய பெயர்தான். செய்ததெல்லாம் 'இந்தப் பக்கம் வராதே', 'விளக்கை மூடு' என்று தமிழில் எழுதிக் கொடுத்தது. யப்பான்காரரின் குண்டு விழுந்து, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்து, ஊரில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு வெளியேறிய பிறகு அந்த வேலையும் குறைந்தது. உருப்படியாக ஏதாவது மொழிபெயர்க்கக் கிடைக்காதா என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய கடதாசிக் கட்டொன்று என் மேசைக்கு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கட்டு, வத்தைக்காரர்களின் சகோதரக் கூட்டுக்குச் சொந்தமானது. கப்பலில் இருந்து கரைக்குச் சாமான் ஏற்றி இறக்கும் பெரிய வள்ளங்கள்தான் வத்தை. சிப்பாய்கள் அவர்களுடைய கொட்டிலைச் சோதித்தபோது ஒரு தகரப்பெட்டியில் இது அகப்பட்டது. பெட்டியை வைத்திருந்த கிழட்டுத் தண்டயலைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். தண்டயல் என்றால் வத்தையின் தலைவர். எதைக் கேட்டாலும் அவர் வாய் திறக்கவில்லை.

முதல் தாளில் ஒரு சத்தியம் இருந்தது: இங்கே செய்ததைப் பெண்சாதிக்கும் சொல்லேன், துரைக்கும் சொல்லேன். அதன் கீழே, கதவை எத்தனை தரம் தட்டவேண்டும் என்ற ஒழுங்கு. அடுத்த தாளில் ஒரு படம்: ஒரு கட்டத்துக்குள் ஏழு வட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறுகள். வெள்ளைக்காரப் பாதுகாப்பு அதிகாரிக்கு அதைப் பார்த்ததும், எதிரிக்குக் கொடுக்கக் கீறிய எண்ணெய்த் தாங்கிகள் என்று பட்டுவிட்டது. என் மொழிபெயர்ப்பும் அதற்கு ஒத்துவந்தால் திங்கட்கிழமை தண்டயலைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அதற்கப்பால் எங்கே என்று எவருக்கும் தெரியாது.

அவருடைய மனைவி கந்தோர் வாசலில் என்னை மறித்தார்.

"ஐயா, அந்த மனிசன் செத்தாலும் வாய் திறவாது. எனக்குத் தெரியும், முப்பது வருசமாக் குடும்பம் நடத்துறன். நீங்கள்தான் அந்தக் கடதாசியின்ர வாயைத் திறக்கவேணும்."

"பாப்பம்" என்றேன். அந்தச் சொல்லில் இருந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்.

சனிக்கிழமை காலை முழுவதும் வாசித்தேன். புள்ளியில்லாத பழைய எழுத்து, வரிக்கு வரி கறையான் தின்ற ஓட்டை. எழுத்தின் பழமையைச் சொல்லியே அவரைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய தாளில் புதிதாகவும் எழுதலாமே என்று அதிகாரி ஒரே வசனத்தில் மடக்கிவிட்டார். திரும்பி வந்து இருந்து, படத்துக்கு நேரே ஆங்கிலத்தில் 'ஏழு வட்டமான களஞ்சியங்கள்' என்று எழுதினேன். அந்தத் தாளை மட்டும் அன்றைக்கே கொடுத்திருந்தேனானால் ஒரு மனிதரைக் கொன்றவனாகியிருப்பேன்.

நல்லவேளையாகப் பசி வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மற்றத் தாள்களை எடுத்தேன். கூட்டு எப்படித் தொடங்கியது என்று அவற்றில் இருந்தது. மூதூரில் இருந்தும் இலங்கைத்துறையில் இருந்தும், இன்னும் தூரத்தில் இருந்தும் வந்து வத்தையில் வேலை செய்தவர்கள் கடலில் செத்தால் கேட்பார் இல்லை. உறவுக்குச் செய்தி போய்ச் சேர மாதமாகும். ஆகவே ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவராக இருப்பது என்று சிலர் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். செத்தவர் முஸ்லிம் சோனகர் என்றால் கபுறடிக்குப் போய் மண் போடுவது, வேதக்காரர் என்றால் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவது, சைவர் என்றால் முப்பத்தோராம் நாள் தண்ணீர் வார்ப்பது. அதன் கீழே, முதலாவதில் மூன்று குடம், இரண்டாவதில் மூன்று குடம் என்று ஏழு வரை போயிற்று.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நானே அப்படி வார்த்திருக்கிறேன். ஊருக்கு வெளியே, கன்னியாவில் இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகள்! பக்கத்தில் இருந்த கீறுகள் தண்ணீரின் சூடு. எழுதிய தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் அதிகாரியிடம் ஓடினேன்.

அந்த மனுசன் இலேசில் நம்பவில்லை. மறுநாள் காலையே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கன்னியாவுக்குப் போனார். கிணறுகளைச் சுற்றி வந்து, இவை வட்டமில்லையே என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் ஆட்கள் கிணறு என்றால் வட்டமாகத்தான் கீறுவார்கள், சதுரமாகக் கீறிய ஒருவனைக் கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு என்னையும் சேர்த்து அடையுங்கள் என்று கத்தினேன். பிறகு படத்தை நீட்டி, கையை விட்டுப் பாருங்கள் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொரு கிணறாகக் கைவைத்தார். ஒரு கீறில் இளஞ்சூடு, இரண்டு கீறில் நல்ல சூடு. மூன்று கீறில் "ஆ!" என்று கையை இழுத்தார். ஆறாவது மட்டும் கொஞ்சம் பிசகியது. ஆனால் அவர் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார். இது செத்தவர்களுக்கான இடம் என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பின்னேரம் தண்டயலை விட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கிழமையில் முதல் தடவையாக நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் தண்டயல் என் அறைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"ஏனண்ணை, கன்னியா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முதல் நாளே விட்டிருப்பாங்களே?" என்றேன்.

"கன்னியா எண்டால் ஆருக்குத் தண்ணி வாத்தது எண்டு கேப்பாங்கள். பிறகு ஆர் வாத்தது எண்டு கேப்பாங்கள்." கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "கடைசித் தாளையும் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"இங்கிலீசில எழுதிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை. செத்த ஆக்களின்ர பட்டியல் எண்டு ஒரு வரி மட்டும்தான் எழுதினனான்."

கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பாடா, அப்பாடா என்று அழுகைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார். சிறையில் இருந்து வந்ததற்கு அவர் அழவில்லை, இதற்குத்தான் அழுதார். அந்தத் தாளில் எந்தச் சாதிக்காரருக்கு எந்தச் சாதிக்காரர் மகன்போல நின்று தண்ணீர் வார்த்தார் என்று பெயரோடு இருந்தது. அந்தக் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருந்தன. தெரிந்தால் வெட்டுக்குத்து. அந்தப் பெயர்களை இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "தம்பி, அந்தத் தாளை வாசிச்ச ஆள் கூட்டுக்கு வெளியில நிக்க ஏலாது. வெள்ளிக்கிழமை கொட்டிலுக்கு வாங்கோ."

"நான் வத்தையில கால் வைச்சதுமில்லை. நீந்தவும் தெரியாது."

"அதை விடுங்கோ. நீங்கள் செத்தால் ஆர் தண்ணி வாக்கிறது?"

அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியை அதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை போனேன். என் சாதியை அவர்கள் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டு எழுதினார்கள். அதற்கு எதிரே, தண்ணீர் வார்க்கவேண்டியவர் என்ற இடத்தில், தண்டயல் பேனையை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார்.