படிவத்தில் இல்லாத கிணறு

அந்தச் சமையலறையின் சிவப்புத் தரையில் ஒரு வட்டம் இருந்தது. சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறம். அதன்மேல் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து மாமி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கிணற்றை மூடிப் பூசிய தரை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்.

மயிலாப்பூருக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் வருமுன், பாதைக்கு மேலே இருக்கும் வீடுகளில் ஏறி இறங்கிக் கிணறுகளைக் குறிப்பது என் வேலை. கிணறு இருந்தால் முன்கூட்டியே சிமெண்ட் குழம்பை இறக்கி அடைப்பார்கள். இயந்திரம் கடக்கும்வரை வீட்டுக்காரர்களை லாட்ஜில் தங்கவைப்பார்கள். சொல்லாத கிணற்றில் இயந்திரம் முட்டினால் மண் சரியும், மேலே இருக்கும் வீடும் சேர்ந்துதான்.

லாட்ஜ் என்றதும் மாமி எழுந்து என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். கட்டிலில் மாமா கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. "டாக்டர் கைவிரிச்சுட்டார். அவர் பொறந்தது இந்த ஆத்துல. போறதும் இங்கேர்ந்துதான் போகணும்னு சொல்லிண்டிருந்தார், பேச்சு இருக்கறச்சே. கிணறெல்லாம் இல்லைன்னு எழுதிண்டு போங்கோ." லாட்ஜில் எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஏதோ பெரிய மனது பண்ணிவிட்டதாக நினைப்பு வேறு.

அந்த நினைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இயந்திரம் அன்றன்று நகர்ந்த தூரத்தை அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தில் சிவப்புக் கோடாக இழுப்பார்கள். அந்தக் கோடு மாமி வீட்டை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அதன் எதிரில் உட்கார்ந்துதான் மதியச் சோறு தின்றேன். இரண்டு முறை பொறியாளர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அதற்கு மாமியின் ஆசையைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டார் தங்கள் கிணற்றைச் சொல்லியிருந்தார்கள். பெட்டியோடு கிளம்பிய அவர்களை மாமி வாசலில் நின்று வழியனுப்பினார். மறுநாள் மாமி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கத் தொடங்கின. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தெருவில் காவலுக்கு நின்றவர் ஓடிவந்தார். "சார், மாமி வூட்டு அடுப்பங்கரையில நுரை பொங்கிக்கினு கீது."

நான் போனபோது தரை குழிந்துகொண்டிருந்தது. மண்ணை இளக்க இயந்திரம் பீய்ச்சும் சாம்பல் நிற நுரை கிணற்றின் வழியாக அடுப்புமேடை வரை ஏறியிருந்தது. மாமாவைப் போர்வையோடு தூக்கினோம். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்சுவர் பிளந்தது. அன்று மாலையே வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், "அவர் கேட்டார். நான்தான் இல்லைன்னேன்" என்று மாமி என்னைக் காப்பாற்றிவிட்டார். இப்போது அடையாறில் அதே வேலை பார்க்கிறேன். யார் 'கிணறு இல்லை' என்றாலும் சமையலறைவரை போய்ப் பார்த்து, பார்த்ததைத்தான் எழுதுகிறேன். சிடுசிடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். மாமி ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொன்னதில்லை, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டார் ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிட்டார்கள். மாமா தி. நகர் லாட்ஜில் மூன்று வாரம் உயிரோடு இருந்தார். அங்கேயே போனார். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாததால் நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாக இறக்கினோம். நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். பின்னால் இறங்கி வந்த மாமி மெல்லக் கேட்டார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா, இவரும் அஞ்சாம் நாள் ஆத்துக்கு வந்திருப்பார், இல்லையா?"

"ஆமாம் மாமி" என்றேன்.