வைகை மணலும் சீனிச்சாமியின் குருவிகளும்

பகல் ஷிப்டு முடிந்து மில் வாசலில் நிற்கிறேன். நூல் சுற்றும் எங்கள் ரீலிங் பகுதி ஆள் ஒருவர் வந்து, "உங்க மாப்ள சீனிச்சாமி போயிட்டாராம்ல" என்றார். காய்ச்சல் தணிந்து ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்து, "பேரையூருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் தலை குனிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாரக் காய்ச்சல். அவ்வளவுதான்.

அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த இரங்கல் குறிப்பைப் போடும் நம் மில் பத்திரிகைக்காரர் வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும்.

மில்லில் குருவி வளர்க்கும் எல்லோருக்கும் அவனைத் தெரியும். பாதிப் பேருக்கு அவனோடு சண்டை. காரணம் பஞ்சு. கை துடைக்கக் கொடுக்கும் கழிவு நூலையும் பஞ்சையும் வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுபோய்த் தினைக்குருவிக் கூண்டில் விரிப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். காசில்லாமல் கிடைக்கிறது, மெத்தென்று இருக்கிறது, வேறென்ன வேண்டும்? சீனிச்சாமியும் முதலில் அதைத்தான் விரித்தான்.

ஒரு நாள் காலையில் பெட்டைக் குருவி கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழிவு நூலில் ஓர் இழை ஒரு காலைச் சுற்றி இறுகியிருந்தது. விளக்கெண்ணெய் விட்டு, ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நூலை நெகிழ்த்தி எடுத்தான். நான் குருவியைப் பிடித்துக்கொண்டேன். உயிர் தப்பியது. அந்தக் காலின் விரல்கள்தான் சில நாளில் கருகி உதிர்ந்துவிட்டன. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அவன் மனைவி பிச்சையம்மாள் அந்தக் குருவிக்கு ராசாத்தி என்று பெயர் வைத்தாள்.

கூத்து அதற்கப்புறம்தான். நொண்டிக் காலுக்கு மெத்தென்று இருக்கட்டுமே என்று, அவன் இல்லாத நேரம் பார்த்துப் பிச்சையம்மாள் மறுபடி பஞ்சை வைப்பாள். ஷிப்டு முடிந்து வந்து அவன் எடுத்து வீசுவான். "மெத்தை மனுசனுக்குடி! அதுக்கு எதுக்கு?" என்று கத்துவான். "மனுசனா இருந்தா வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லும்" என்பாள் அவள். அவர்கள் குடியிருந்த சிம்மக்கல் சந்து முழுக்கக் கேட்கும்.

பஞ்சுக்குப் பதிலாக என்ன விரிப்பது என்று அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. உமி போட்டான். குருவி சிறகடித்ததும் உமி பறந்து போய்ச் சோற்றுப் பானையில் விழுந்தது. மரத்தூளில் குருவி தும்மியது. சாக்கிலும் பிசிறு இருக்கிறது என்று தூக்கிப் போட்டான். செய்தித்தாள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒற்றைக் கால் வழுக்கியது. உலக யுத்தம் வந்து காகிதம் அரிதான பிறகு தாளும் கிடைக்கவில்லை. கடைசியில் வைகை மணலில் வந்து நின்றான். சலித்து, அலசி, எறும்பும் ஈரமும் போகச் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்துத்தான் பரப்புவான். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை.

"கடலை வறுக்கிற சட்டியில ஆத்து மண்ண வறுக்குறாகளே! இந்த அநியாயத்தக் கேக்க ஆளில்லையா அண்ணே?" என்று பிச்சையம்மாள் என்னிடம் முறையிடுவாள். நான் சிரிப்பேன். அவன் சட்டியை விட்டுத் தலை நிமிர மாட்டான்.

நம் வீடுகளுக்கு வந்தாலும் அவன் யாரையும் நலம் விசாரித்ததில்லை. நேரே கூண்டுக்குப் போய், "காலைக் காட்டு" என்று குருவியிடம் சொல்வான். பஞ்சைப் பார்த்தால் கேட்காமலே அள்ளி வெளியே போடுவான். எத்தனை பேர் அவனைத் திட்டியிருப்பீர்கள்!

காய்ச்சலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணுன்னா கூண்ட நீ தூக்கிட்டுப் போயிரு மாப்ள. அவ பாசக்காரி. பாசத்துலயே பஞ்சை வச்சுருவா." சரி என்றேன்.

காரியம் முடிந்த மறுநாள், கூண்டை மூடி எடுத்துவர ஒரு துண்டோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. பிச்சையம்மாள் மணல் வறுத்துக்கொண்டிருந்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். சற்றுப் பொறுத்து, ஒரு பிடி எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஆறலண்ணே, உக்காருங்க" என்றாள். பிறகு துண்டைப் பார்த்தாள். "கூண்டை எடுத்துட்டுப் போக வந்தீகளா?"

"அவன் சொல்லியிருந்தாம்மா."

"எங்கிட்டயுந்தான் சொன்னாக, நீ பஞ்சைப் போட்டுருவேன்னு. போட்டேன்தான். போட்டா எடுத்து வீச அவுக இருந்தாகல்ல? இனி நான் போட்டா எடுக்க யாருண்ணே இருக்கா?"

துண்டை ஓரமாக வைத்தேன். இரண்டு பேருமாக மணலைப் பரப்பினோம். ராசாத்தி ஒற்றைக் காலில் தத்தி இறங்கி அதில் நின்றது.

துண்டை வெறுமனே தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது குருவி அல்ல, கூண்டும் அல்ல. வந்ததும் வராததுமாக என் கூண்டுக்கு முன்னால் போய் நின்று, "காலைக் காட்டு" என்றேன்.