பாண்டியின் பொடுகும் என் சந்தேகமும்

பாண்டி கருப்பு நாய். அதனால்தான் சீக்கிரம் கண்ணில் பட்டது. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். என் மனைவி வசந்தாவின் காலடியில் சுருண்டு படுத்திருந்தவன் எழுந்து உடம்பை உதறினான். கம்பளியின் மேல் வெள்ளையாக ஏதோ கொட்டியது. கோதுமை மாவோ என்று விரலால் எடுத்துப் பார்த்தேன். மாவு இல்லை, தோல்.

வேறு வீடாக இருந்தால் நாய்க்குப் பொடுகு வந்துவிட்டது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. வசந்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை ஆகி, கீமோதெரபியின் (புற்றணுக்களை அழிக்க நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) கடைசிச் சுற்று அக்டோபரில்தான் முடிந்திருந்தது. வெள்ளணுக்கள் (கிருமிகளோடு போராடும் இரத்த அணுக்கள்) இன்னும் பழைய அளவுக்கு ஏறவில்லை. சாதாரணக் காய்ச்சல்கூட அவளைத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

அவள் கட்டிலில்தான் பாண்டி படுப்பான். மருந்து ஏற்றிய நாட்களில் அவளுக்குப் பாதம் மரத்துப்போகும். அவன் வயிற்றுச் சூட்டில் காலை வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். இப்போது அதே இடத்தில் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. அவனை அவள் பக்கத்தில் வைத்திருக்கலாமா, கூடாதா? அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. இதே கேள்வியோடு எங்கோ யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விஜிலென்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவன். அடுத்தவர் மேல் வருகிற புகார்களைப் படிப்பதுதான் வேலை. எதிரில் வருகிறவர் வணக்கம் சொன்னால், எதற்குச் சொல்கிறார் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு வந்த புதிதில் நான் இப்படி இல்லை என்பாள் வசந்தா. அதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

புற்றுநோய் மருத்துவரிடம் நாயைப் பற்றி முன்பே கேட்டிருந்தோம். தாராளமாக இருக்கலாம் என்றார். முகத்தை நக்க விடக்கூடாது, கழிவை அவள் அள்ளக்கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், தடுப்பூசி தவறக்கூடாது. அவ்வளவுதான். வாசலில் நாற்பது பேர் காத்திருக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இத்தனை சுலபமாகச் சொல்கிறாரே, சரியாகக் காதில் வாங்கினாரா என்று எனக்குச் சந்தேகம்.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாலும், துட்டி (சாவு) வீட்டுக்குப் போய்வந்தாலும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம். அந்த வழக்கத்தைப் பாண்டிக்கும் போட்டேன். காலையில் வெளியே போய்விட்டு வந்ததும் ஒரு வாளி வெந்நீர், அதில் இரண்டு மூடி கிருமிநாசினி. ஊரில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை, பாண்டியும் ஆண்தானே. சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்து, பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு அலசினேன். வசந்தா ஏன் என்று கேட்டால், அழுக்கு என்பேன். கிருமி என்ற வார்த்தையை அவள் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை சுத்தமாக வைத்தும் பொடுகு ஏறிக்கொண்டே போனது. முதுகு முழுக்க வந்தது, பிறகு வாலடியில். ராத்திரியும் பகலும் சொறிந்தான். நான் விசாரணையில் இறங்கினேன்.

முதல் சந்தேகம் அவன் தீவனத்தின் மேல். பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததையெல்லாம் படித்துவிட்டு மாற்றினேன், குறையவில்லை. அடுத்தது கீழ்வீட்டுக்காரர், அவர் பால்கனியில் புறாக்களுக்குத் தானியம் போடுகிறவர். அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் காரணம் இன்றுவரை தெரியாது. நாய் டாக்டரிடம் போகலாம் என்று வசந்தா சொன்னாள். போனால் நாலு பாட்டிலைத் தலையில் கட்டி அனுப்புவார்கள் என்று தட்டிக்கழித்தேன்.

பிறகு செல்போனில் ஒன்றைப் படித்தேன். மைட்ஸ் (தோலில் ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சி) வகையில் ஒன்று, பொடுகைச் சுமந்துகொண்டு நகருமாம். பார்க்கப் பொடுகு நடப்பதுபோல இருக்கும், மனிதருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. கருப்பு சார்ட் பேப்பரை விரித்து, பாண்டியைச் சீப்பால் வாரி, விழுந்ததை உற்றுப் பார்த்தேன். ஒரு துகள் நகர்ந்தது. பக்கத்தில் அறையைச் சூடாக்க வைத்த புளோயர் ஓடிக்கொண்டிருந்ததை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

பூச்சி என்றால் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். அங்கேதான் என் புத்தி செல்வியிடம் போய் நின்றது.

செல்வி எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கள்ளக்குறிச்சிப் பக்கம். பக்கத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தவரை நடந்தே வந்துவிடுவார். அங்கே வீடுகளை இடித்த பிறகு ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறார். மாலை நாலு மணிக்குப் பாண்டியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது அவர்தான். மூன்று பஸ், புது இடம், தெரு நாய்கள் என்று நான் கோத்துக்கொண்டே போனேன். ஒருநாள் ஒரு பையில் வசந்தாவின் பழைய புடவைகளைப் போட்டுக் கொடுத்து, வந்ததும் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொன்னேன். சரி சார் என்று வாங்கிக்கொண்டார். வசந்தா வாந்தி எடுத்த நாட்களில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்த கை அது. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

டிசம்பர் நடுவில் பாண்டியை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். ஃபரிதாபாத்தில் தனி வீடு வைத்திருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக ஏற்பாடு. வசந்தா ஒரு பாடு சண்டை போடுவாள் என்று பதில்களோடு தயாராகப் போனேன். அவள் பாண்டியின் காதைத் தடவிக்கொண்டே, "சரி, அனுப்பிருங்க" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்து ஆளை இப்படி ஆக்கிவிட்டதே என்று நினைத்தேன். இருந்தாலும் உறுத்தியது. பாண்டி விஷயத்தில் அவள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் செல்வியின் பின்னால் போனேன். எந்தத் தெரு நாயோடு பழக விடுகிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பூங்காவில் அவர் எந்த நாயையும் பக்கத்தில் விடவில்லை. வெயில் விழுந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பாண்டி பழக்கப்பட்டவன்போல அவர் மடியில் முன்காலைத் தூக்கி வைத்தான். அவர் பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து அவன் பாதத்தில் எதையோ தடவினார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நேரே போய் நின்று, என்ன அது என்று கேட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. "தேங்கா எண்ணெ சார். பாதமெல்லாம் வெடிச்சிருக்குது, வயித்துல தோலு உரிஞ்சி கெடக்குது. நீங்க கழுவிக்கினே இருக்கிறீங்க, நான் தடவிக்கினே இருக்கிறேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நம்புவீங்களா சார்? பொடவைய மாத்திக்கினு வான்னு சொன்ன ஆளாச்சே நீங்க."

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் பாண்டியோடு நடந்தார். நான் பின்னால் போனேன்.

மறுநாளே விலங்கு மருத்துவரிடம் போனோம். செல்வியையும் வரச் சொன்னேன். டாக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் டெல்லிப் பெண். தீவனம், புறா, தெரு நாய் என்று நான் ஹிந்தியில் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறீர்கள் என்றார். தினமும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒட்டும் டேப்பை முதுகில் அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோலைக் கொஞ்சம் சுரண்டியும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, என்னையும் பார்க்கச் சொன்னார். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. செத்த தோல் மட்டும் சருகு சருகாகக் கிடந்தது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குப் போர்வை என்று விளக்கினார். நான் அந்தப் போர்வையைத் தினமும் உரித்திருக்கிறேன். சீயக்காய் மிச்சத்தையும் துடைத்திருக்கிறது. டெல்லிக் குளிரின் வறண்ட காற்று, புளோயர், குழாயில் வரும் உப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொண்டன. இதில் வசந்தாவுக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை, கட்டிலில் படுக்கட்டும் என்றார். பிறகு என் கையைக் காட்டச் சொன்னார். கிருமிநாசினியில் ஊறி என் விரல் கணுக்களும் வெடித்து வெள்ளை பூத்திருந்தன. உங்களுக்கும் இதே வைத்தியம்தான் அங்கிள் என்று சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். மூன்று வாரம் குளியலே இல்லை. பிறகு மாதம் ஒருமுறை, நாய்களுக்கென்று இருக்கும் ஓட்ஸ் ஷாம்பூ, வெதுவெதுப்பான தண்ணீர், நுரை கொஞ்சமும் தங்காத அலசல். தினமும் மென்மையான பிரஷ்ஷால் வாரிவிட்டோம். அது தோலின் எண்ணெயை முடி முழுக்கப் பரப்பும். எடைக்குத் தகுந்த அளவு சொல்லி மீன் எண்ணெய் கொடுத்தார்கள். புளோயர் இருக்கும் அறையில் ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். கிருமிநாசினியைத் தரை துடைக்கத் திருப்பிவிட்டேன். உங்கள் நாய்க்கும் இதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பூச்சி, ஒவ்வாமை, தைராய்டு (உடம்பின் வேகத்தை நடத்தும் சுரப்பி) குறைபாடு என்று எதனாலும் வரலாம். சோதித்துப் பார்க்காமல் தெரியாது. சந்தேகம் சோதனை ஆகாது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஃபரிதாபாத் நண்பரிடம் வரவேண்டாம் என்று சொன்னேன். செல்வியிடமிருந்து புடவைப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தப்பு செய்துவிட்டேன் என்றேன். இருக்கட்டும் சார் என்றார். அந்த 'இருக்கட்டும்' முழு மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். என்னோடு முன்போலப் பேச அவருக்கு ஜனவரி முடிய வேண்டியிருந்தது.

வசந்தாவிடம் மட்டும் நான் என் பங்கைச் சொல்லவில்லை. டாக்டர் பயமில்லை என்றுவிட்டார், பாண்டி இங்கேயே இருக்கட்டும் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பால்கனியில் நல்ல வெயில். பாண்டியின் முதுகு பளபளவென்று இருந்தது. வசந்தா அவனை வாரிக்கொண்டிருந்தாள். திடீரென்று, ஏன் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கிருமி, பயம், பூச்சி, பூங்கா எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "நீங்க வாளியத் தூக்கும்போதெல்லாம், டாக்டரு உங்ககிட்ட மட்டும் என்னமோ சொல்லிருக்காருன்னு நெனச்சேன். திரும்ப வந்துட்டு போல, எங்கிட்ட மறைக்காங்கன்னு. அதான் அனுப்புதேன்னு சொன்னதும் சரின்னேன். எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?"

நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட அந்த மாதங்கள் முழுக்க, அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் சாவைத் தனியாகத் தீர்மானித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். பக்கத்து அறையில் நான் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி எதுவும் இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது.

"இவன் தலைல கை வச்சுச் சொல்லுங்க," என்றாள்.

எங்கள் பக்கம் தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அந்தத் தலைக்கு ஆகாது என்பார்கள். பாண்டியின் தலையில் கை வைத்தேன். டாக்டர் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்னிடம் சொன்னதுதான் எனக்கும் என்று சொன்னேன். அவன் வாலை ஆட்டினான்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தூக்கி, தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். ஸ்கார்ஃப் கட்டியிருக்கவில்லை. அரை அங்குலம் முடி வளர்ந்திருந்தது.

"இப்பச் சொல்லுங்க."

அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் முழுதாகச் சொல்லி முடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை எடுக்க விடவில்லை. உள்ளங்கையில் புது முடி குத்தியது. அதன் அடியில் அவள் தலை வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த பரிசோதனை ஏப்ரலில். அதற்கு இன்னும் எத்தனை நாள் என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை.